பூசிய கை

ஹட்டன்
12 மே 2024

மதிப்புக்குரிய தனுஷிகா மிஸ்,

மாதிரிப் பெட்டி ஒவ்வொன்றோடும் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று வர வேண்டும் என்று உங்கள் பல்கலைக்கழகத்தின் தொழில் இணைப்புப் பிரிவு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆகாதா என்று கேட்டேன். ஆகாதாம். பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டு எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தந்த அளவுப்படி, அட்டை கடிக்காமல் காலில் பூசும் தைலத்தைக் காய்ச்சினேன். சவர்க்காரம் செய்து விற்கிறவனுக்குத் தைலம் என்ன பெரிய வித்தை என்று நினைத்தது தப்பு. ஹட்டன் குளிருக்கு அது கல்லாகிவிட்டது. மெழுகைக் குறைத்து மறுபடி காய்ச்சியதைத்தான் அனுப்பியிருக்கிறேன். யூக்கலிப்டஸ் வாடை பஜார் வரைக்கும் போகிறது. எங்கள் கடையில் தேயிலை ஒரு மூலை, சவர்க்காரம் எதிர் மூலை, நடுவில் அரிசி மூட்டைகள். அது அப்பா வைத்த சட்டம். தைலத்துக்கு எந்த மூலை என்று அப்பா இன்னும் தீர்ப்புச் சொல்லாததால் அது பின்பக்கத்துக் கொட்டிலில் தனியாகக் கிடக்கிறது.

பரிசோதனையும் செய்துவிட்டேன். மழை விட்ட நேரம் பார்த்து, கடைக்குப் பின்னால் இருக்கும் தேயிலை மலையில் போய் நின்றேன். வலது காலில் தைலம், இடது காலில் ஒன்றுமில்லை. இடது காலில் ஏழு அட்டை ஏறியது. வலது காலில் ஒன்றே ஒன்று. அதுவும் வழி தெரியாமல் வந்ததாக இருக்கும்.

பெட்டியைக் கண்டி பஸ் கொண்டக்டர் சுமனபால ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன். அவரும் கொஞ்சம் கேட்டார், கொடுத்தேன். கணக்கில் அந்த ஒரு டப்பாவைச் சேர்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
வை. ஜீவராஜ்


கண்டி
20 மே 2024

திரு. ஜீவராஜ் அவர்களுக்கு,

பெட்டி கிடைத்தது. ஒரு மனிதரின் இரண்டு கால்களை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் இடது கால் அட்டைகளுக்குப் பிடித்த காலாக இருந்தால் என்ன செய்வது? கடித்த இடத்தை மறக்காமல் கழுவுங்கள்.

தைலம் நன்றாக வந்திருக்கிறது. எங்கள் பேராசிரியர் தொட்டுப் பார்த்துவிட்டு, இணைப்புத் திட்டம் என்றால் ஆளுக்கொரு கோப்பைத் திறந்து வைத்துவிட்டு மறந்துபோவதுதான் வழக்கம், இவர் உண்மையாகவே காய்ச்சியிருக்கிறாரே என்றார். அது பாராட்டு. அவர் அதிகம் பாராட்டுவதில்லை.

வட்டகொடை கருக்குமலைத் தோட்டத்துப் பெரிய துரை அனுமதி தந்துவிட்டார். ஜூலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் முப்பது பேரிடம் கொடுத்துப் பார்க்கலாம். அந்தப் பெண்களில் ஒருவர் நாகலெட்சுமி. அவர் என் அம்மா. இதை நீங்கள் வேறொருவர் வாயால் கேட்கக் கூடாது என்பதற்காக நானே எழுதுகிறேன்.

என்னோடு படித்தவர்கள் எல்லாம் பெரிய பெரிய விஷயங்களை ஆராய்கிறார்கள். அட்டையில் என்ன ஆராய்ச்சி என்று சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அம்மாவின் கணுக்காலைப் பார்த்தால் சிரிக்க மாட்டார்கள். மழைக்காலம் முழுவதும் அவர் சொறிந்து சொறிந்து தூங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

தனுஷிகா


ஹட்டன்
21 ஜூலை 2024

மதிப்புக்குரிய மிஸ்,

தைலம் வேலை செய்கிறது. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்தேன்.

தைலத்தைக் கொடுத்து இரண்டு வாரம் கழித்துக் கருக்குமலைக்குப் போனேன். பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்து காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முதலில் பயந்து ஒதுங்கியவர்களையெல்லாம் பூச வைத்தது உங்கள் அம்மாதானாம். 'எம் மக செஞ்ச மருந்து, விஷமாவா இருக்கும்?' என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா என்னிடம் கடைக்காரத் தம்பி, வெலைய ஏத்திப்புடாதீங்க என்று இப்போதே பேரம் பேசிவிட்டார்.

உங்கள் அம்மா லயத்து வரிசையில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன். எங்கள் வீட்டில் லயத்துக்குள் போய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் பழக்கம் இல்லை. யாரும் கூடாது என்று வாயால் சொன்னதில்லை, ஆனால் இல்லை. தோட்டத்துச் சனம் வாங்கும் அரிசியிலும் சவர்க்காரத்திலும்தான் எங்கள் குடும்பம் சாப்பிடுகிறது. நான் குடித்தேன், இரண்டாவது முறையும் வாங்கிக் குடித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் அம்மா சீதாலெட்சுமி பேச்சை மாற்றிவிட்டார்.

உங்களுக்கு இதில் மனவருத்தம் இருந்தால் இந்தப் பத்தியைக் கிழித்துவிட்டு மீதியைக் கோப்பில் வையுங்கள்.

ஜீவராஜ்


கண்டி
26 ஜூலை 2024

ஜீவராஜ்,

கடிதத்தை முழுதாகவே வைத்திருக்கிறேன். கோப்பில் அல்ல.

மனவருத்தம் இல்லை. அந்தப் பழக்கம் எனக்குத் தெரியும். ஹட்டன் பஜாரில் பள்ளிக்கூட வெள்ளைச் சீருடைக்குத் துணி வாங்கப் போனால், அம்மாவைப் படிக்குக் கீழே நிற்க வைத்தே பேசுவார்கள். உங்கள் கடையா என்று ஞாபகம் இல்லை. இல்லாமல் இருக்கட்டும்.

நீங்கள் இரண்டாவது முறை கேட்டு வாங்கிக் குடித்ததை அம்மா தொலைபேசியில் மூன்று தரம் சொன்னார்.

இனிமேல் மிஸ் வேண்டாம். மிஸ் என்று கூப்பிட எனக்கு ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தனுஷிகா


ஹட்டன்
29 ஓகஸ்ட் 2024

தனுஷிகா,

நல்ல செய்தி இல்லை. கருக்குமலைத் தேயிலையில் இரண்டு தொகுதிகளைக் கொழும்பில் ருசி பார்ப்பவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தேநீரில் மருந்து வாடை வருகிறதாம். பெரிய துரை என்னைக் கூப்பிட்டு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். நம் தைலம்தான். எனக்கு எங்கே இருந்தாலும் அந்த வாடை தெரியும்.

துரை கத்தவில்லை. அமைதியாகத்தான் பேசினார். தைலத்தைக் காலுக்கு மட்டும் பூசச் சொல்லி நாம் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்துக் கொடுத்தோம். அப்படியென்றால் பெண்கள் சொன்னதைக் கேட்காமல் கையிலும் பூசியிருக்கிறார்கள். அதை அறிக்கையில் எழுதிவிட்டால் அவர் மேலிடத்துக்குப் பதில் சொல்லலாம், பல்கலைக்கழகத்துக்கும் கெட்ட பெயர் இல்லை, என் சவர்க்காரப் பட்டறைக்கும் இல்லை, அடுத்த வருடம் வேறு தோட்டத்தில் ஆரம்பிக்கலாம் என்றார்.

யோசித்துப் பார்த்தேன். இதனால் யாரையும் வேலையை விட்டு நிறுத்தப்போவதில்லை என்றும் சொன்னார். அறிக்கையில் நான் கையொப்பமிட்டு இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் கையொப்பமும் வேண்டும். கோபப்படாமல் ஒரு முறை வாசியுங்கள்.

ஜீவராஜ்


கண்டி
2 செப்டம்பர் 2024

திரு. வை. ஜீவராஜ் அவர்களுக்கு,

அறிக்கையைக் கையொப்பமிடாமல் திருப்பி அனுப்புகிறேன்.

யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை, சரி. அங்கே என்ன நடந்தது என்று கேட்டீர்களா? காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, சொன்னதைக் கேட்காத சனம் என்று ஏசியிருக்கிறார்கள். அந்த முப்பது பேருக்கும் அன்று அரை நாள் சம்பளம்தான். ராசம்மா அக்கா அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் நகர்ந்து நிற்கிறார்களாம். வீடு வீடாகப் போய்ப் பூசச் சொன்னவர் அவர்தானே.

கையில் பூசினீர்களா என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

'காலுக்குத்தான் பூசுனோம் புள்ள. பூசுன கைய என்னா செய்யிறது, கழட்டியா வைக்கிறது?'

மலையில் கழுவத் தண்ணீர் எங்கே இருக்கிறது? டப்பாவுக்குள் விரலை விட்டு எடுத்து, காலில் தடவி, அதே விரலால் கொழுந்து கிள்ளியிருக்கிறார்கள். நாம் சொன்னபடிதான் செய்திருக்கிறார்கள். நான் அட்டையைச் சோதித்தேன், தோலைச் சோதித்தேன், மழையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று சோதித்தேன். கொழுந்தைச் சோதிக்கவில்லை. தேயிலை பக்கத்தில் இருக்கிற வாடையை இழுத்துக்கொள்ளும் என்று லயத்தில் பிறந்த எனக்கு யாராவது சொல்லித் தர வேண்டுமா? தேயிலை ஒரு மூலை, சவர்க்காரம் எதிர் மூலை என்று எனக்கு எழுதிய உங்களுக்குமா?

தப்பு நம் இருவர் மேலும்தான். அதை என் அம்மா தலையில் வைத்துவிட்டு நாம் அடுத்த தோட்டத்துக்குப் போக வேண்டும் என்கிறீர்கள். என்னால் முடியாது. உங்கள் மேல் எனக்கு இருந்தது வெறும் மரியாதை என்றால் இவ்வளவு அழுகை வந்திருக்காது. இதையும் எழுதிவிட்டேன், இனி ஒன்றும் இல்லை.

தொலைபேசியில் கூப்பிட வேண்டாம்.

தனுஷிகா


ஹட்டன்
9 செப்டம்பர் 2024

தனுஷிகா,

பெட்டிக்குள் மாதிரி ஒன்றும் இல்லை. பெட்டியோடுதான் கடிதம் வர வேண்டும் என்பதால் வெறும் பெட்டியை அனுப்புகிறேன். தொலைபேசியில் கூப்பிடவில்லை என்பதைக் கவனிக்கவும்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, தைலத்தை எடுத்துக் காலில் பூசினேன். பூசிவிட்டு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். பிறகு தேயிலைப் பெட்டியைத் திறந்து ஒரு பிடி அள்ளி, அப்படியே தேநீர் போட்டுக் குடித்தேன். இரண்டு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. அப்பா வந்து, எந்த மடையன்டா தேயிலையத் தொட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்.

நேற்று வட்டகொடைக்குப் போய்வந்தேன். அறிக்கையைக் கிழித்துவிட்டேன். புதிதாக எழுதியதன் பிரதி இதோடு இருக்கிறது. அதில் உங்கள் பெயரைப் போடவில்லை. போடுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். துரை இந்த வருடத்துக்குப் பரிசோதனையை நிறுத்திவிட்டார். நட்டத்தில் ஒரு பங்கு என் தலையில். பட்டறை கொஞ்ச நாள் மெதுவாக ஓடும், அவ்வளவுதான்.

வேறு விசேஷம் இல்லை.

ஜீவராஜ்


கண்டி
14 செப்டம்பர் 2024

ஜீவராஜ்,

வேறு விசேஷம் இல்லையா?

அம்மா நேற்று ஒரு மணி நேரம் பேசினார். விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்களத்தில் போய் நின்றீர்களாம். ஹட்டனில் இருந்து அந்த நேரத்துக்கு எப்படி வந்தீர்கள் என்று இன்றைக்கும் லயத்தில் அதுதான் பேச்சு. கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, எல்லாருக்கும் முன்னால் இப்படிச் சொன்னீர்களாம்:

'தப்பு உங்க மேல இல்லீங்க. மருந்து செஞ்ச நாங்க ரெண்டு பேரும் கால நெனச்சோம், கைய நெனக்கல. நாகலெட்சுமி அம்மாவ யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க.'

பெரட்டில் ஏசியதைப் பெரட்டில்தான் திருப்பி எடுக்க முடியும் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? கடையில் உட்கார்ந்து சவர்க்காரம் விற்கிறவருக்கு அது தெரிந்திருக்க நியாயம் இல்லை. துரையின் முகம் சிவந்துபோனதாம். அரை நாள் சம்பளத்தைத் திருப்பிப் போடுகிறோம் என்று கணக்கப்பிள்ளை வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் நகர்ந்தீர்களாம். அன்று பின்னேரம் ராசம்மா அக்கா ஒரு கிண்ணத்தில் ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்திருக்கிறார். கிண்ணத்தை வைத்துவிட்டு அழுதாராம். அம்மாவும் அழுதாராம். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உங்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறார்.

புதிய அறிக்கையில் என் பெயரை எழுதி, உங்கள் பெயருக்குப் பக்கத்தில் கையொப்பமிட்டிருக்கிறேன். பேராசிரியர் வாசித்தார். பிறகு, பல்கலைக்கழகமும் வியாபாரமும் சேர்ந்து வேலை செய்தால் லாபத்தைப் பங்கு போடுவார்கள், தவறைப் பங்கு போட்டவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். தன் கையொப்பத்தையும் போட்டார்.

நான் எழுதிய கடைசிக் கடிதம் கடுமையாக இருந்தது. அதில் ஒரு வரியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வரி என்று உங்களுக்குத் தெரியும்.

தனுஷிகா

பின்குறிப்பு: கை படாமல் பூச ஒரு வழி இருந்தால், வாடையைக் குறைப்பது என் பொறுப்பு.


ஹட்டன்
3 நவம்பர் 2024

தனுஷிகா,

அந்த வரியைத் தனியாக வெட்டி எடுத்துப் பர்சில் வைத்திருக்கிறேன். மீதிக் கடிதத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

வழி கிடைத்துவிட்டது. பட்டறையில் அல்ல, கடையில். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் பசைக்குச்சி தெரியும்தானே? மூடியைக் கழற்றி, அடியைத் திருகினால் பசை மேலே வரும், விரலில் ஒட்டாது. அந்த மாதிரிக் குழாயில் தைலத்தை ஊற்றி உறைய வைத்தால் காலில் நேராகத் தேய்க்கலாம். மே மாதம் கல்லாகிப் போனது என்று எறிந்தேனே, அந்த முதல் பதம்தான் இதற்குச் சரி. மெழுகு கூட இருந்ததால் தப்பு என்று நினைத்தோம்.

குழாய் செய்கிறவர் கொழும்பில் ஒருவர் இருக்கிறார். வெற்றுக் குழாய்கள் கொஞ்சம் அனுப்புகிறேன். வாடை இல்லாத தைலத்தை நீங்கள் கண்டுபிடியுங்கள். சுமனபால ஐயா, உங்கள் கடிதம் இருக்கிற நாளில் பெட்டியை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வருகிறார். என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார்.

ஜீவராஜ்


கண்டி
19 ஜனவரி 2025

ஜீவராஜ்,

இந்தத் தகரப் பெட்டியைத் திறப்பதற்கு முன் கடிதத்தை வாசியுங்கள். உள்ளே ஒரு தைலக்குச்சியும் ஒரு பொட்டலம் தேயிலையும் ஒன்றாக இருக்கின்றன. பொட்டலத்தின் வாய் திறந்துதான் இருக்கிறது. இரண்டையும் பத்து நாட்களாக அப்படியே மூடி வைத்திருந்தேன். யூக்கலிப்டஸை விட்டுவிட்டேன். வேறு எண்ணெய் எது, அட்டைக்கு அது ஏன் ஆகாது என்பதெல்லாம் தனிக் காகிதத்தில் இருக்கிறது.

இங்கே நாங்கள் எல்லோரும் குடித்துப் பார்த்தோம். எனக்கு அது போதாது. எங்கள் ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் நல்ல மனது, வாடை வந்தாலும் வரவில்லை என்பார்கள். உங்கள் அப்பாவிடம் கொடுங்கள். எங்கே இருந்து வந்தது என்று சொல்லாமல் கொடுங்கள்.

தைப்பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது, நீங்கள் வருவீர்கள் என்று அம்மா கூடுதலாக ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருந்தார். நாங்கள் இருவரும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

தனுஷிகா


ஹட்டன்
2 பெப்ரவரி 2025

தனு,

அப்பா குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். நல்ல டிம்புள்ளை மலைத் தேயிலைச் சாயம், எவ்வளவுக்கு எடுத்த என்று கேட்டார். அப்புறம்தான் பெட்டியைக் காட்டினேன். குச்சியை எடுத்து மோந்து பார்த்தார், தேயிலையை மோந்து பார்த்தார், போய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார்.

அம்மாவும் குடித்தார். இந்தத் தேயிலை கண்டியில் இருந்து வந்தது, அனுப்பியது கருக்குமலை லயத்தில் பிறந்த பிள்ளை, அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொள்ள எனக்கு விருப்பம் என்று சொன்னேன். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், இல்லாவிட்டால் முதலாவதோடு நின்றிருப்பேன். அம்மா கோப்பையைக் கழுவி வைத்தார். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை, ஆனால் சாப்பாடு மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாக விழுகிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உங்களிடம் கேட்பதற்கு முன்னால் வீட்டில் சொன்னது தப்பு. இப்போது கேட்கிறேன். ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. அதற்குப் பிறகு பெட்டி இல்லை, கடிதம் இல்லை, அதை நினைத்தாலே எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என்னைக் கட்டிக்கொள்வீர்களா?

நாளை குழாய் விஷயமாகக் கொழும்புக்குப் போகிறேன். இரண்டு வாரம் அங்கேதான். முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. இல்லை என்றால் எழுத வேண்டாம், நானே புரிந்துகொள்வேன்.

ஜீவராஜ்


கருக்குமலைத் தோட்டம், வட்டகொடை
13 பெப்ரவரி 2025

ஜீவா,

நேற்று பௌர்ணமி, போயா விடுமுறை. இரண்டு நாள் லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். இதைக் கொழும்பு முகவரிக்குத் தபாலில் போடுகிறேன். பெட்டி இல்லை. ஒப்பந்தத்தை மீறி எழுதும் முதல் கடிதம் இதுதான்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு முச்சக்கர வண்டி வந்து லயத்துக்கு முன்னால் நின்றது. பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா இறங்கி, நாகலெட்சுமிங்கிறவங்க வீடு எதுங்க என்று ராசம்மா அக்காவிடம் கேட்டார். உங்கள் அம்மா. தனியாக வந்திருந்தார்.

ஈரக் கையோடு நான் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. அம்மாவின் காலைப் பார்த்தார். தழும்புதான் உங்களுக்குத் தெரியுமே. இப்ப கடிக்குதா என்று கேட்டார். மக குடுத்த குச்சியத் தேச்சதிலேருந்து கிட்ட வர்றதில்லீங்க என்றார் அம்மா.

அம்மா தேநீர் போடுவதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் அந்தப் பழக்கம் தெரியும், பஜாரில் படிக்குக் கீழே நின்றவர்தானே. கடைசியில் போட்டார். டம்ளரைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அதைப் பார்த்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள் அம்மா டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எடுத்து மோந்தார், குடித்தார். பாதி குடித்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

'நல்லாருக்குங்க. இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க' என்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் என்னைக் கவனிக்கவே இல்லை. உங்களுக்குச் சின்ன வயதில் சவர்க்காரத்தைக் கடித்து வாய் வெந்தது, நான் உப்பைத் திருடித் தின்றது எல்லாம் பேசினார்கள். போகும்போது என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, அம்மாவிடம் சொன்னார்:

'பங்குனியில பரிசம் போட வர்றோம். கடைச் சாமான்லயே தட்டு வைப்போம், கோவிச்சுக்காதீங்க. ஆனா ஒண்ணு, தேயிலையும் சோப்பும் மட்டும் வேற வேற தட்டு. அவுங்க அப்பா விட மாட்டாரு.'

உங்கள் கேள்விக்கு நான் தனியாகப் பதில் எழுத வேண்டுமா? எழுதுகிறேன். சரி. இதை நூறு தரம் எழுதலாம் போல இருக்கிறது, ஆனால் தபால்காரர் வாசலில் நிற்கிறார். குழாய்கள் கிடைத்தால் உடனே வாருங்கள். கிடைக்காவிட்டாலும் வாருங்கள்.

உங்கள்,
தனு